நாற்பதில் எம்.பி.பி.எஸ்., அப்புறம்?



நீட் தேர்வுக்கு இருந்த வயது உச்சவரம்பை 2022-இல் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளை வளர்த்து, வேறு வேலையும் பார்த்துவிட்டு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறவர்களைப் பற்றி இப்போது அவ்வப்போது செய்தி வருகிறது. வாழ்த்திவிட்டு நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அவர்களுக்குத் தலைவலியே பிறகுதான்: மேற்படிப்புக்கு எந்தத் துறை?

கணக்கு கறாரானது. எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு, எம்.டி., எம்.எஸ். மூன்று, இதயம், நரம்பு என்று போனால் இன்னொரு மூன்று. நாற்பதில் சேர்ந்தவர், ஓராண்டுகூட நழுவாமல் எல்லாம் முடித்தாலும், ஐம்பத்தொன்றைத் தாண்டிவிடுவார். அதனால்தான் "நைட் டியூட்டி இல்லாததா பார்த்து எடுங்க, ஸ்கின் எடுங்க" என்கிறார்கள். (ஸ்கின் சீட்டுக்கு இளசுகளோடு முட்டி மோத வேண்டும் என்பது வேறு கதை.) உடம்பு இடம் தருமா என்று பார்ப்பதில் தப்பே இல்லை. அதை மட்டும் பார்ப்பதுதான் எனக்கு உடன்பாடில்லை.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்றொருவர் இருந்தார். முதலில் நர்ஸ். முதுகுவலி அந்த வேலையைப் பறித்தது. பிறகு மருத்துவமனையில் நோயாளிகளின் வீட்டுக் கஷ்டங்களைக் கவனிக்கும் சமூகப் பணியாளர். சாகக் கிடப்பவர்களுக்கான ஓர் இல்லத்துக்கும் தொண்டுக்குப் போவார். அங்கே வலி வந்து கதறும்வரை காத்திராமல், வேளை தவறாமல் மார்ஃபின் கொடுப்பதைக் கண்டார். மற்ற ஆஸ்பத்திரிகளிலோ, நோயாளி துடித்துக் கேட்டால்தான் ஊசி. சாகப்போகிறவர்களை மருத்துவர்களே கைவிட்டுவிடுகிறார்கள், நீ மருத்துவம் படி என்றார் அவருக்குத் தெரிந்த ஓர் அறுவை மருத்துவர். படிக்கச் சேர்ந்தபோது வயது 33. மருத்துவரானது 1957-இல். எந்தத் துறை என்று அவர் தேடவே இல்லை. மருத்துவம் படிக்கும் முன்பே அது அவரிடம் வந்துவிட்டது. 1967-இல், சாகக் கிடப்பவர்களுக்கான இல்லமாக, செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். வலி உடம்பில் மட்டும் இல்லை, மனசிலும் குடும்பத்திலும் காசுக் கவலையிலும் இருக்கிறது என்று அவர் சொன்னது, நோயாளிகளின் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டது. 20 ஆண்டு கழித்து, 1987-இல், சாகப்போகிறவர்களின் வலி தணிக்கும் இந்த மருத்துவத்தை பிரிட்டன் தனித் துறையாகவே ஏற்றது. இன்று நம் நாட்டிலும் அதற்கு எம்.டி. இருக்கிறது.

எனவே, தாமதமாக வந்தவர்களே, எத்தனை வருஷம் மிச்சம் என்பதோடு, இதுவரை என்ன பார்த்தோம் என்பதையும் கணக்கில் எடுங்கள். பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவருக்குக் குழந்தை மருத்துவமோ மனநல மருத்துவமோ புது ஊர் அல்ல.

நம் வாசகர்களில் அப்படிப் படிப்பவர்கள் இருந்தால், எதை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்