மீன்தொட்டி விளக்குக்கு எந்த டைமர்? ஒரு டாக்டரின் கருத்து (இழை)

1/ வீட்டில் செடி வைத்த மீன்தொட்டி இருக்கா மக்களே? அப்போ இந்த இழை உங்களுக்குத்தான். "டாக்டருக்கு டைமர்ல என்ன வேலை?"ன்னு கேட்பீங்க. கடைசி வரை படிங்க, புரியும்.

2/ சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் மீனும் செடியும் வாங்கி, கூரம் மாதிரி கிராமத்து வீடுகளிலும் அழகா தொட்டி வைக்கிறாங்க. விளக்குக்குத் தாராளமா செலவு பண்றவங்க, டைமருக்கு மட்டும் யோசிக்கிறாங்க. என் கருத்து: விளக்கை விட டைமர் முக்கியம்.

3/ ஏன்? உயிர்களுக்கு உடம்புக்குள்ளேயே கடிகாரம் உண்டு. 1729லேயே தெ மேரான் என்ற பிரெஞ்சு அறிஞர், தொட்டாச்சிணுங்கியை இருட்டில் வைத்தும் அது நேரம் தவறாமல் இலை விரித்து மூடுவதைப் பார்த்தார். இந்த உடல் கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்தவர்களுக்குத்தான் 2017 மருத்துவ நோபல்.

4/ நம்ம வீட்டு மீன்களுக்கு இமை கிடையாது. கும்மிருட்டில் திடீர்னு முழு வெளிச்சம் அடிச்சா மிரண்டு ஓடும். அதனால்தான் விளக்கைப் படிப்படியா ஏற்றி இறக்கணும். இதுக்கு ரெண்டு டைமர் போதும்:
சின்ன விளக்கு: மதியம் 1 முதல் இரவு 9 வரை.
பெரிய விளக்கு: மதியம் 2 முதல் இரவு 8 வரை.
புதுத் தொட்டின்னா பெரிய விளக்கு முதல் சில வாரம் 4, 5 மணி நேரம் போதும். அதிகமானா பாசிதான் வளரும்.

5/ கார்பன் டை ஆக்சைடு விடுறவங்க, பெரிய விளக்குக்கு ஒரு மணி நேரம் முன்னாடி திறந்து, அது அணைய ஒரு மணி நேரம் முன்னாடி மூடுங்க. ஃபில்டரையும் காற்று மோட்டாரையும் டைமரில் மாட்டவே மாட்டாதீங்க. இரவில் செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும்.

6/ சரி, எந்த டைமர்?
சுற்றும் டைமர்: 96 பல், ஒரு பல்லுக்கு 15 நிமிடம். விலை குறைவு. ஆனா கரண்ட் போனா இதுவும் நின்னுடும். பராமரிப்புன்னு காலை 9 முதல் 2 வரை கரண்ட் இல்லேன்னா 5 மணி நேரம் பின்தங்கும். அப்புறம் உங்க பெரிய விளக்கு இரவு 7க்கு எரிஞ்சு 1 மணிக்கு அணையும்!

7/ இது மீனோட பிரச்சினை மட்டும் இல்லை. நம்ம பல வீடுகளில் தொட்டி இருக்கும் ஹாலில்தான் தாத்தா பாட்டியும் குழந்தைகளும் படுக்கிறாங்க. இரவு வெளிச்சம் மெலடோனின் சுரப்பைக் குறைக்கும். தூக்கம் கெடும்.

8/ வைஃபை பிளக்: வசதிதான். ஆனா கரண்ட் போய் வந்ததும் சரியான நேரத்தைப் பிடிக்க பெரும்பாலும் இணையம் வேணும். சிக்னல் சரியில்லாத ஊரில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

9/ பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர்: கிராமத்துக்கு என் ஓட்டு இதுக்குத்தான். கரண்ட் இல்லாதப்பவும் உள்ளே கடிகாரம் ஓடும். வாங்கினதும் சில மணி நேரம் சார்ஜ் ஏறவிட்டு, அப்புறம் ஒரு மணி நேரம் பிளக்கிலிருந்து கழற்றி வைங்க. நேரம் மாறாம இருந்தா நல்ல டைமர். இன்வெர்ட்டர் லைனில் மாட்டுறவங்களுக்குச் சுற்றும் டைமரே போதும்.

10/ இப்போ டாக்டரா பேசுறேன். ஈரமான தோலில் மின்தடை வெகுவாகக் குறையும். தண்ணிக்குள் கையை விடும் விளையாட்டுப் பிள்ளை இருக்கும் வீட்டில் இது உயிர் விஷயம். வைஃபை பிளக்குக்கு வெச்சிருக்கும் காசை, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட வைங்க. மாசம் ஒரு தடவை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்க.

11/ டைமரைத் தொட்டிக்கு நேர் கீழே வைக்காதீங்க. ஒயர் பிளக்கை விடத் தாழ்வா தொங்கி, பிறகு மேலே ஏறட்டும். ஒயர் வழியா வடியும் தண்ணி அந்த வளைவிலேயே சொட்டிடும், பிளக்குக்குள் போகாது. தொட்டியில் கை விடும் முன் எல்லா சுவிட்சையும் அணைங்க. டைமர் அணைச்சிருக்குன்னு நம்பாதீங்க.

12/ யாருக்காவது ஷாக் அடிச்சா உடனே தொடாதீங்க. முதலில் மெயினை அணைங்க, அப்புறம் 108. மூச்சு இல்லேன்னா நெஞ்சை அழுத்த ஆரம்பிங்க.

13/ 7ஆம் நூற்றாண்டிலேயே செப்பேட்டில் ஏரி பதிவான ஊர் கூரம். ஏரிக்கு மதகு எப்படியோ, தொட்டிக்கு டைமர் அப்படி. தேவையானப்ப திறக்கணும், தேவையானப்ப மூடணும். பார்த்து வாங்குங்க. தொட்டி வெச்சிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் பகிருங்க.