கரின் நெய்த வீடு



சில நாட்களாக என் மேசைமேல் திறந்தபடியே கிடக்கிறது, ஸ்வீடன் ஓவியர் கார்ல் லார்சனின் நீர்வண்ணப் படத் தொகுப்பு. முக்கால்வாசியும் ஒரே வீட்டின் படங்கள். ஃபாலுன் நகருக்கு அருகே சுண்ட்போர்ன் கிராமத்தில் உள்ள மரவீடு அது. பெயர் லில்லா ஹிட்நாஸ். 1888இல் கார்லின் மாமனார், மகள் கரினுக்கும் மருமகனுக்கும் கொடுத்தது. சின்ன வீடுதான். குடும்பம் பெருகப் பெருக அதுவும் அறை அறையாக வளர்ந்தது.

1890களில் ஒரு கோடை முழுக்க மழை. வெளியே போய் வரைய வழியில்லாமல் தவித்த கணவரிடம், வீட்டையே வரையச் சொன்னவர் கரின். அப்படிப் பிறந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த படம் ஒன்று உண்டு. சாப்பாட்டு மேசையில் சேட்டை செய்ததற்காக வெளியே அனுப்பப்பட்ட மகன் போந்துஸ், கூடத்து மூலையில் தனியே உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய வீம்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மெல்ல அறையைப் பாருங்கள். வெள்ளை பூசிய பழைய மர இருக்கைகள், அவற்றுக்கு நீலக்கோடு போட்ட உறைகள். முதலில் தெளிவான கோடு, அதன்மேல் மெல்லிய வண்ணம். வெளிச்சம் வேண்டிய இடத்தில் காகிதத்தின் வெண்மையே போதும் என்று விட்டுவிடுகிறார் கார்ல். ஸ்டாக்ஹோமில் கொடும் வறுமையில் வளர்ந்தவர் அவர். அந்த வெளிச்சத்தின்மேல் அவருக்கு இருந்த ஆசை எனக்குப் புரிகிறது.

1899இல் இருபத்து நான்கு படங்கள் ‘எட் ஹெம்’ என்ற புத்தகமாக வந்தன. இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் முன்னெடுத்த கலை-கைவினை இயக்கத்துக்கு ஸ்வீடனில் ஒரு முகவரி வேண்டுமென்றால், இந்த வீட்டைத்தான் சொல்வேன்.

படங்களில் கையெழுத்து கார்லுடையது. ஆனால் அவர் வரைந்த அறைகளை உருவாக்கியதில் பெரும்பங்கு கரினுடையது. அவரும் ஸ்டாக்ஹோம் கலை அகாதமியில் படித்த ஓவியர். பிரான்சின் க்ரே கிராமத்தில் ஓவியர்கள் கூடியிருந்த இடத்தில்தான் இருவரும் காதலித்தார்கள். 1883இல் திருமணம், எட்டுப் பிள்ளைகள். கரின் தூரிகையை வைத்துவிட்டார். கலையை வைக்கவில்லை. மேசைவிரிப்பு, மெத்தையுறை, வாசல்திரை, பிள்ளைகளின் உடுப்பு என்று நெய்தார், தைத்தார். மரச்சாமான்களுக்கும் வடிவம் வரைந்து கொடுத்தார். அவருடைய நெசவில் உள்ள துணிச்சலான வடிவங்கள், கணவரின் படங்களைவிடப் புதுமையானவை என்பது என் கருத்து.

கரினின் பெயர் உரிய இடத்துக்கு வர வெகுகாலம் ஆனது. 1997இல் லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியின் தலைப்பில் இருவர் பெயரும் சேர்ந்தே இருந்தன. மனம் நிறைந்தது.

உங்கள் வீட்டிலும் யாரோ பின்னிய கூடை, தைத்த திரை, போட்ட பூவேலை இருக்கும். செய்தவர் பெயரோடு எங்களுக்கு எழுதுங்கள். படமும் அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்