சுவாச யந்திரத்தின் அருகில் நிற்பவர் யார்?

2020-ம் வருஷம் மே மாதத்தில், கொரோனா நோயின் பொருட்டு 50,000 வெண்டிலேட்டர்கள் வாங்குவதற்கென்று பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து சுமார் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஒரு வருஷம் கழிந்து, இரண்டாவது அலையில் ஜனங்கள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த சமயத்தில், அந்த யந்திரங்களிற் பல உபயோகமின்றிக் கிடக்கின்றனவென்று செய்தி வரவே, அவை நிறுவப்பட்டனவா, இயங்குகின்றனவா என்று உடனே தணிக்கை செய்யும்படி 2021 மே மாதத்தில் பிரதம மந்திரி உத்தரவிட நேர்ந்தது. அவசியமான இடங்களில் ஊழியர்களுக்கு மறுபடியும் பயிற்சி அளிக்க வேண்டுமென்றும் அதிற் கண்டிருந்தது. யந்திரங்களின் தரத்தைக் குறித்து அப்போது நடந்த வாதப் பிரதிவாதங்கள் நேயர்களுக்கு நினைவிருக்கும். பயிற்சியைப் பற்றிய அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. நாம் இன்று எடுத்துக்கொள்ளும் விஷயம் அதுவே.

வெண்டிலேட்டர் உயிரைக் காக்கும் சாதனம் என்பதில் ஆட்சேபமில்லை. ஆனால் அது நோயைக் குணப்படுத்துவதில்லை. நோய் தணியும் வரையில் மூச்சை இழுத்து விடும் வேலையை நோயாளிக்குப் பதிலாகத் தான் செய்கிறது. பிறர் செய்யும் வேலையைத் தான் செய்ய மறந்து போவது மனிதருக்கு மட்டுமன்று, மனிதரின் தசைக்கும் இயல்பு. நுரையீரலுக்கு அடியில் குடை போல் விரிந்திருக்கும் உதரவிதானம் என்னும் தசையே சுவாசத்திற்கு ஆதாரம். 2008-ம் வருஷம் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மூளை இறந்தபின் உறுப்புதானம் செய்த 14 பேரின் உதரவிதானத்தைப் பரிசோதித்தார்கள். யந்திரத்தின் பொறுப்பில் 18 மணி நேரம் முதல் 69 மணி நேரம் வரையில் சும்மா இருந்ததற்குள்ளாகவே அத்தசையின் நார்கள் பாதிக்கு மேல் மெலிந்து போயிருக்கக் கண்டார்கள். மூன்று நாட்கூட ஆகவில்லை! ஆகையால், யந்திரத்தை மாட்டுவது எவ்வளவு அவசரமோ, அதை அவிழ்ப்பதும் அவ்வளவு அவசரம். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் குழாயின் வழியே நிமோனியா புகுவதற்கும், கைகால்கள் வலுவிழப்பதற்கும், சித்தம் கலங்குவதற்கும் இடமாகிறது.

தீவிர சிகிச்சை என்னும் ஏற்பாடே யந்திரத்தினால் பிறந்ததென்று பலர் எண்ணுகின்றனர். சரித்திரம் வேறு விதமாக இருக்கிறது. 1952-ம் வருஷம் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பெருவாரியாகப் பரவிற்று. பிளெக்டாம் ஆஸ்பத்திரியில், மூச்சு அடைபட்டு வந்த முதல் 31 நோயாளிகளில் 27 பேர் இறந்தார்கள். நோயாளியை உள்ளே கிடத்திச் சுவாசிக்கச் செய்யும் இரும்புப் பெட்டி அங்கே ஒன்றே ஒன்று. மார்பிற் கவசம் போல் பூட்டும் சிறு கருவிகள் ஆறு. அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து வைத்தியர், ஆகஸ்டு 27-ந் தேதி, பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டைக்குழியில் துளையிடச் செய்து, குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அவளுக்குச் சுவாசம் கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். உடனே சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு இரவும் பகலும் நோயாளிகளின் தலைமாட்டில் அமர்ந்து பையை அமுக்கினார்கள். ஒரே காலத்தில் 70 பேர் வரையில் இவ்விதம் மனிதக் கைகளால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள். மரண விகிதம் அவ்வாண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே இறங்கிற்று. அந்த அநுபவத்திலிருந்துதான் மறு வருஷம் இப்சன் தீவிர சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தினார். அந்த மாணவர்களுக்கு யந்திரம் தெரியாது. ஆயினும் அருகிலேயே இருந்தார்கள், முகத்தின் நிறத்தையும் மார்பின் அசைவையும் கண்ணால் பார்த்தார்கள்.

இன்று அந்த ஸ்தானத்தில் இருப்பவர் நர்ஸ். டாக்டர் காலையில் வந்து பார்வையிட்டு உத்தரவு எழுதிச் செல்கிறார். மிகுதி நேரம் முழுவதும் நர்ஸினுடையது. தலைமாட்டை 30 பாகை முதல் 45 பாகை வரையில் உயர்த்தி வைப்பது, சளியை உறிஞ்சி எடுப்பது, வாயைச் சுத்தம் செய்வது, காலையில் மயக்க மருந்தைக் குறைத்து நோயாளியை விழிக்கச் செய்து, கையைப் பிடித்துப் பெயரைக் கேட்பது, கட்டிலின் ஓரத்தில் உட்கார வைப்பது, இருமச் சொல்வது, ஆழ்ந்து மூச்சிழுக்கப் பழக்குவது: இவை எல்லாம் சில்லறை வேலைகளாகத் தோன்றும். இவற்றின் தொகுப்புக்குத்தான் சுவாச மறுவாழ்வுப் பயிற்சி என்று பெயர். பிஸியோதெரபி நிபுணர் முறையை வகுத்துக் கொடுத்தாலும், அவர் போன பிறகு மணிக்கு மணி அதை நடத்துவது நர்ஸே.

யந்திரத்தின் துணையைக் குறைத்து, அரைமணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வரையில் நோயாளியைத் தானே சுவாசிக்க விட்டுப் பார்க்கும் பரீட்சை ஒன்றுண்டு. மூச்சு நிமிஷத்துக்கு 35-ஐத் தாண்டி நிற்கிறதா, ரத்தத்தில் பிராணவாயு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறதா, நாடி 140-க்கு மேல் ஓடுகிறதா, வியர்க்கிறதா, முகத்தில் பீதி தெரிகிறதா என்று கவனித்திருந்து, தவறினால் உடனே யந்திரத்துக்குத் திருப்ப வேண்டும். இதைச் செய்பவர் எட்டு நோயாளிகளுக்கிடையே ஓடிக்கொண்டிருப்பவராயின் பரீட்சை நடக்காது. நாளைக்கு ஆகட்டும் என்று ஒத்திவைக்கப்படும். அந்த நாளையின் விலையை மேலே சொன்னோம்.

நர்ஸுகளிடம் இப்பொறுப்பைக் கொடுக்கலாமா என்று தயங்கும் வைத்தியர்கள் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 1997-ம் வருஷத்திலேயே பதில் கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 357 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் டாக்டர் தம் இஷ்டப்படி யந்திரத்தை விலக்கவும், மற்றதில் நர்ஸுகளும் சுவாச சிகிச்சையாளர்களும் எழுதிவைத்த விதிமுறைப்படி விலக்கவும் ஏற்பாடு செய்தார்கள். முதற் பிரிவில் நடுத்தரமாக 44 மணி நேரம் பிடித்தது. இரண்டாவதில் 35 மணி. டாக்டரை விட நர்ஸ் அதிகம் கற்றவர் என்பதல்ல இதன் பொருள். பார்த்துக்கொண்டே இருப்பவருக்குத் தருணம் தெரிகிறது, அவ்வளவுதான். 2000-ம் வருஷத்தில் 128 நோயாளிகளிடம் நடந்த மற்றோர் ஆராய்ச்சியில், தினந்தோறும் மயக்க மருந்தை நிறுத்தி விழிக்கச் செய்ததனாலேயே யந்திரத்தின் காலம் 7.3 நாளிலிருந்து 4.9 நாளாகக் குறைந்தது.

இதனால், எவ்வளவு அதிகமோ அவ்வளவு நன்மை என்று உற்சாகத்தில் முடிவுகட்டிவிடலாகாது. 2022-ல் வெளியான சர்வதேசப் பரிசோதனை ஒன்றில், 750 நோயாளிகளில் ஒரு பிரிவினரை வழக்கத்தைக் காட்டிலும் முன்னதாகவும் அதிகமாகவும் எழுப்பி நடமாடச் செய்து பார்த்ததில், ஆறு மாதத்தில் விசேஷ பலன் ஒன்றும் தெரியவில்லை. நாடித் துடிப்பு தாறுமாறாதல் போன்ற அபாயங்களே மிகுந்தன. இது பயிற்சிக்கு விரோதமான சாட்சியம் என்று சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். நாம் அவ்வாறு நினைக்கவில்லை. அதில் ஒப்புநோக்கப்பட்ட 'வழக்கமான' சிகிச்சையிலேயே நோயாளிகளை எழுப்பி உட்காரவைக்கும் பழக்கம் ஏற்கனவே இருந்தது. அளவறிந்து செய்யத் தேர்ந்த ஆள் வேண்டுமென்பதையே அது ருசுப்படுத்துகிறது.

அந்த ஆள் நம்மிடம் உண்டா? 1946-ல் போர் கமிட்டியார் தங்கள் அறிக்கையில், இந்தியாவில் 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்ஸ் என்ற நிலைமையைக் கண்டு வருந்தினார்கள். அந்நிய ஆட்சியின் மீது பழி போடுவதற்கு அன்று நமக்கு நியாயம் இருந்தது. பிறகு நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. நம் நாட்டு நர்ஸுகள் வளைகுடா நாடுகளிலும் பிரிட்டனிலும் ஆஸ்பத்திரிகளைத் தாங்கி நிற்கிறார்கள். வெண்டிலேட்டரில் உள்ள ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று தீவிர சிகிச்சை வைத்தியர்களின் சங்கமே விதி வகுத்திருக்கிறது. தீவிர சிகிச்சையில் நர்ஸுகளுக்கு மேற்படிப்பு ஒன்றையும் இந்திய நர்ஸிங் கவுன்ஸில் ஏற்படுத்தியுள்ளது. ஆனால் படித்து வந்தவருக்குத் தனிப் பதவியும், விதிமுறைப்படி தாமே தீர்மானிக்கும் அதிகாரமும் மாநில சர்க்கார்கள் கொடுத்தாலன்றி, அப்படிப்பு சுவரில் மாட்டும் சான்றிதழாகவே முடியும்.

நம் மாகாணத்தின் கதையையும் மறைப்பதற்கில்லை. 2017 நவம்பரில் சென்னையில் வைத்தியப் பணிகள் டைரக்டர் காரியாலய வளாகத்தில் நர்ஸுகள் திரண்டு கிளர்ச்சி செய்தபோது அவர்கள் பெற்ற தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2020-ல் கொரோனாவுக்கென்று எடுக்கப்பட்ட நர்ஸுகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31-ந் தேதிக்குப் பிறகு பணி நீடிப்பு மறுக்கப்பட்டது; வேறு வேலை தருவதாகச் சொல்லப்பட்டது. இரண்டரை வருஷம் அவர்கள் ஆபத்தின் நடுவே கற்ற வித்தையைக் கணக்கிட்டவர் எவருமில்லை. யந்திரத்துக்காவது சரக்குப் பதிவேடு இருக்கிறது.

ஆகவே, சட்டசபையில் ஆஸ்பத்திரி மானியக் கோரிக்கை அடுத்த முறை வரும்போது, எத்தனை வெண்டிலேட்டர்கள் என்று கேட்கும் அங்கத்தினர்கள் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒவ்வொரு ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியிலும் இரவு இரண்டு மணிக்கு ஒரு யந்திரத்துக்கு எத்தனை நர்ஸுகள் நிற்கிறார்கள்? நோயாளி சராசரி எத்தனை நாள் கழித்து அதிலிருந்து விடுபடுகிறார்? இவ்விரண்டையும் மந்திரி மேஜையின் மீது எழுத்து மூலமாக வைக்கட்டும்.