பனி தடுப்பது வண்டியை மட்டுமே

உறைபனி மூடிய வீதியில் சாரதி ஒருவர் தம் உயிரைப் பணயம் வைத்துப் பாலும் பாணும் கொண்டுவர வேண்டும் என எவரும் கேட்க முடியாது. 2018 பெப்ரவரி இறுதியில் ஸ்கொட்லாந்தில் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாட்களில் சுப்பர் மார்க்கெட் விநியோகங்கள் தடைப்பட்டதில் வியப்பில்லை. எமது கேள்வி அதுவன்று. வீதி திறந்த பின்னர் முதல் வண்டி யார் வீட்டுக்குச் செல்கிறது?

1984இல் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் ஜேன் ஸ்னோபோல் என்ற 72 வயது மூதாட்டி, தமது தொலைக்காட்சிப் பெட்டி வழியாக டெஸ்கோவில் முட்டை, மாஜரின், கோர்ன் ஃப்ளேக்ஸ் வாங்கினார். இன்றைய இணையவழி விநியோகத்தின் முன்னோடி அதுவே. முதியோருக்கெனத் தொடங்கிய முயற்சி அது. இன்றோ, நடந்து கடைக்குப் போகக்கூடிய இளைஞனுக்கும், வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியக்கூடிய முதியவளுக்கும் ஒரே குறுஞ்செய்திதான்: இன்று வரமுடியாது, மீண்டும் பதிவு செய்க. விரல் வேகமுள்ளவனுக்கு நேரம் கிடைக்கும். மற்றவர் காத்திருக்க வேண்டியதுதான்.

வேறுவழியில்லை என்பார்கள். 2020இல் கொவிட் பரவியபோது, நோய் அபாயம் மிகுந்தோரின் விபரங்களை இங்கிலாந்தில் அரசாங்கமே சுப்பர் மார்க்கெட்டுகளுக்கு வழங்கியது. அவர்களுக்கு முன்னுரிமை நேரங்கள் ஒதுக்கப்பட்டன. கொள்ளைநோய் அறிவித்துவிட்டு வரவில்லை. பனியோ வானிலை அறிக்கையில் முன்கூட்டியே அறிவித்துவிட்டு வருகிறது. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது?

புலம்பெயர் வாசகர்களே, பனி நாளில் பக்கத்து வீட்டு முதியவரின் கதவைத் தட்டுங்கள். ஆனால் அயலவரின் இரக்கத்தைக் காட்டி நிறுவனங்கள் தமது பொறுப்பிலிருந்து நழுவ இடமளியாதீர்கள்.