கணிதத்தைக் கணிதமாகவே எழுத விடுங்கள்

உயர்தரத்தில் இணைந்த கணிதத்தையும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தையும் ஒன்றாகப் படிக்கும் மாணவியருக்கு ஒரு சங்கடம் நன்றாகத் தெரியும். கணித வகுப்பில் ச(அ) = அ² + 3அ + 1 என்று ஒரே வரியில் எழுதிவிடும் சார்பைப் பைதன் மொழியில் எழுத, 'டெஃப்' என்று தொடங்கி, முக்காற்புள்ளி இட்டு, அடுத்த வரியை உள்தள்ளி, 'ரிட்டன்' என்று விடையைத் திருப்பித் தரவேண்டும். 3அ என்றால் வழு. நடுவில் பெருக்கற்குறி வேண்டும். 3^2 என்று கொடுத்தால் 9 வராது, 1 வரும். அந்தக் குறிக்குப் பைதனில் வலு என்ற பொருள் இல்லை.

இதனால் கணிதத்தில் கெட்டிக்காரியான மாணவிகூட "செய்நிரல் எனக்குச் சரிவராது" என்று ஒதுங்கிவிடுகிறாள். அவளுக்குச் சார்பு விளங்காமலில்லை. எழுத்துமுறைதான் தடுக்கிறது.

குறியீடுகள் எப்போதும் மனிதரின் வசதிக்காக மாறியே வந்திருக்கின்றன. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி இருபடிச் சமன்பாடுகளை முழுக்கச் சொற்களாலேயே எழுதினார். சார்புக்கு நாம் இன்று இடும் அடைப்புக்குறி வடிவத்தை ஒய்லர் 1734இல் பயன்படுத்தினார். 1957இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜோன் பக்கஸ் குழுவினர் வெளியிட்ட ஃபோட்ரான் மொழியின் பெயரே 'சூத்திர மொழிபெயர்ப்பு' என்பதன் சுருக்கம்தான்.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி, 'நிரல்பாகம்', 'பின்கொடு', 'முடி' என்ற சொற்களால் சார்பைத் தமிழிலேயே எழுத வழிசெய்தது. அது பெருமைக்குரியது. ஆனாலும் அங்கு மாறியது சொல், அமைப்பு பழையதே. 2012இல் வெளிவந்த ஜூலியா மொழியோ அமைப்பையே மாற்றியது. வர்க்கத்தை ^2 என்று எழுதினால் போதும், மேலுள்ள வரி தமிழ் எழுத்துகளோடு அப்படியே இயங்கும். 3அ என்பதையும் அது ஏற்கும்.

பல படிகள் கொண்ட சார்புக்கு நீண்ட வடிவம் தேவை என்பார்கள். உண்மைதான், ஜூலியாவில் அதுவும் உண்டு. சமன் அடையாளம் கணினியில் பெறுமானத்தை இட்டுவைக்கும் கட்டளையாயிற்றே, குழப்பம் வராதா என்றும் கேட்பார்கள். இடப்பக்கத்தில் பெயரோடு அடைப்புக்குறி இருந்தால் சார்பு, வெறும் பெயர் இருந்தால் பெறுமானம் என்று அம்மொழி பிரித்தறிகிறது.

நமது பாடத்திட்டத்தில் பைதன் இருக்கட்டும். ஆனால் சார்பைக் கற்பிக்கும் நாளில் கணித வடிவத்தையும் நிரல் வடிவத்தையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். பெற்றோரே, "மகளுக்குக் கணினி வராது" என்று முடிவுகட்டும் முன், அவளுக்குக் கணிதம் வருகிறதா என்று பாருங்கள். வருமென்றால் பாதி வழியை அவள் கடந்துவிட்டாள். நாளை ஒரு புதிய மொழியின் இலக்கணத்தை வகுப்பவளும் அவளாக இருக்கலாம்.

— உயர்தர மாணவி, சொறிக்கல்முனை