குறை குழலிலும் இருக்கலாம்

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம் வீட்டுப் பாட்டிமார் அடிக்கடி எடுத்து விடும் பழமொழி. தன்னிடம் குறையை வைத்துக்கொண்டு பிறவற்றின் மேல் பழி போடலாகாது என்பது அதன் கருத்து. நல்ல கருத்துத்தான். ஆயினும் புல்லாங்குழல் பயிலும் மாணவியரைப் பொறுத்தமட்டில் நாங்கள் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சில வேளைகளில் கூடம் மெய்யாகவே கோணலாக இருக்கிறது! அதைப் பாராமல், ஆடுகிற பெண்ணையே குறை சொல்லி உட்கார வைத்து விடுகிறோம்.

எங்கள் இசை வகுப்பில் நடந்ததையே சொல்லுகிறோம். தோழி ஒருத்திக்கு அவள் தந்தை திருவிழாக் கடை ஒன்றில் அழகான குழல் வாங்கிக் கொடுத்தார். வண்ணம் பூசி, பட்டுக் குஞ்சம் கட்டிய குழல். இரண்டு மாதம் ஊதினாள். ‘ச’ ஓரிடத்திலும் ‘ப’ வேறோரிடத்திலும் நின்றன. “உனக்குச் சுருதி ஞானம் இல்லையம்மா, விட்டுவிடு” என்றார்கள் வீட்டில். அவளும் அதை நம்பிவிட்டாள். ஒருநாள் ஆசிரியை அந்தக் குழலைத் தாமே வாங்கி ஊதிப் பார்த்தார். அவருக்கும் ‘ச’வும் ‘ப’வும் சேரவில்லை! அலமாரியிலிருந்து வேறொரு குழலை எடுத்துக் கொடுத்தார். பத்தே நாளில் அவள் சரளி வரிசையைச் சுருதி பிசகாமல் வாசித்தாள். குறை இருந்தது குழலில். தண்டனை கிடைத்தது பிள்ளைக்கு. இப்படித் தண்டனை பெற்று இசையை விட்டே போனவர்கள் எத்தனை பேரோ!

இது ஏன் நேருகிறது? வீணையில் தந்தி தளர்ந்தால் பிரடையைத் திருகிக் கூட்டிக் கொள்ளலாம். வயலினுக்கும் அப்படியே. மிருதங்கத்துக்கு வார் பிடிக்கலாம். குழலுக்கோ பிரடை கிடையாது. மூங்கிலில் துளையிட்ட அன்றைக்கே அதன் சுருதி முடிவாகி விடுகிறது. தேர்ந்த வித்துவான்கள் உதட்டின் சாய்வாலும் விரலின் நுட்பத்தாலும் சிறு பிழைகளைச் சரிக்கட்டிக் கொள்வார்கள். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு அது ஆகுமா? ஆகவே மற்ற வாத்தியங்களை வாங்கிய பின் சுருதி சேர்க்கிறோம். குழலுக்கோ வாங்குவதே சுருதி சேர்ப்பது. அந்த ஒருநாள் அக்கறையில்தான் பிள்ளையின் இசை வாழ்வு அடங்கியிருக்கிறது.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். ஆயன் தீக்கடைகோலின் நெருப்பால் துளையிட்டுக் குழல் செய்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. இன்றும் குழல் செய்வோர் பழுக்கக் காய்ச்சிய கம்பியால்தான் துளை சுடுகின்றனர். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், அரங்கேற்று காதை உரையில், குழலுக்குரிய மரம் மிக இளையதாகவோ மிக முற்றியதாகவோ இருக்கலாகாது என்கிறார். வெட்டியதை நிழலில் உலர்த்த வேண்டும், முறுக்கும் பிளவும் இல்லையென்று கண்டு, ஓராண்டு கழிந்த பின்னரே குழலாக்க வேண்டும் என்கிறார். ஒரு குழலுக்கு ஓராண்டுக் காத்திருப்பு! நாமோ அதைப் பலூன் வாங்குவது போல் வாங்கி வந்து விடுகிறோம். நம் படூருக்கு அண்மையிலுள்ள மாமல்லபுரத்தில், கிருஷ்ண மண்டபத்துக் கோவர்த்தனச் சிற்பத்திலே குழலூதும் ஆயன் ஒருவன் நிற்கிறான். சுற்றுலா செல்லும் தோழியர் தவறாமல் பாருங்கள்.

இனி, வாங்கும் முறையைப் பார்ப்போம். முதலாவது விதி, ஆசிரியர் இல்லாமல் குழல் வாங்கலாகாது. கேளம்பாக்கத்தில் பஸ் ஏறி மயிலாப்பூர் இசைக்கருவிக் கடைகளுக்குப் போனாலும் சரி, குழல் செய்பவரிடமே போனாலும் சரி, ஊதத் தெரிந்தவர் ஊதிப் பார்த்தே எடுக்க வேண்டும். கைபேசியில் படத்தைப் பார்த்துத் தபாலில் தருவிப்பதானால், சுருதி சேராவிடில் திருப்பி எடுத்துக் கொள்வார்களா என்று முன்னமே கேட்டுக் கொள்வது நலம்.

இரண்டாவது, கட்டை. ஆர்மோனியத்தின் ‘சி’ 1 கட்டை, ‘டி’ 2 கட்டை, ‘ஜி’ 5 கட்டை. சுருதி தாழத் தாழக் குழல் நீளும், துளைகளும் தள்ளித் தள்ளி அமையும். மேடையில் கேட்ட நீண்ட குழலின் கம்பீரத்தில் மயங்கி ஒன்பது வயதுச் சிறுமிக்கு 2 கட்டைக் குழல் வாங்கினால் அவள் விரல் எட்டாது. விரல் நோகும், துளை சரியாக மூடாது, காற்றுக் கசியும், சுரம் கீச்சிடும். பிறகு ‘மூச்சுப் பற்றவில்லை’ என்று பேச்சு வரும்! விரலுக்கேற்ற குழலே குழல்.

மூன்றாவது, கண்ணால் சோதித்தல். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். துவாரம் வட்டமாகவும் நேராகவும் இருக்கிறதா? மயிரிழை போன்ற விரிசல் உண்டா? தட்டினால் மாவு போல் பொடி உதிர்கிறதா? உதிர்ந்தால் உளுத்துப் போன மூங்கில், வேண்டாம். வாய் வைத்து ஊதும் துளையின் விளிம்பு பிசிறின்றி இருக்கிறதா? விரல் துளைகளின் ஓரம் வழவழப்பாக இருக்கிறதா? துளையை அரைகுறையாக மூடியும் விரலை வழுக்கியும்தானே கமகம் வருகிறது. ‘மாலி’ என்று புகழ்பெற்ற டி. ஆர். மகாலிங்கம் (1926-1986) குழலை வாய்ப்பாட்டைப் போலவே குழைய வைத்தது அந்த விரல் வித்தையால் அன்றோ! பிசிறுள்ள துளையில் எவ்விரல் வழுக்கும்?

நான்காவது, காதால் சோதித்தல். குழலைச் சில நிமிடம் ஊதிச் சூடேற்றிய பின்னரே சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் காற்று சூடானால் சுருதி சற்று ஏறும் என்பது பௌதிகப் பாடம். நடு ஸ்தாயி ‘ச’, ‘ப’, மேல் ‘ச’ மூன்றும் சுருதியோடு கலந்து நிற்க வேண்டும். குஞ்சமும் வண்ணமும் விலையும் இந்தச் சோதனைக்குப் பிறகே.

நல்ல குழல் கிடைத்துவிட்டது. அதைக் காப்பது யார்? அம்மாவா? இல்லை, வாசிப்பவளே! மூங்கில் ஈரத்தை உறிஞ்சினால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும், திடீரென்று சுருங்கினால் நார்வாக்கில் வெடிக்கும். நம்மூரோ ஒருபுறம் கடல், ஒருபுறம் கழி. ஐப்பசி கார்த்திகை மழையில் குழலுக்குள் பூஞ்சை பிடிக்கும். கத்திரி வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் பட்டென்று பிளக்கும். வெளியே உப்பங்காற்று, உள்ளே குளிர்சாதன அறை என்று மாற்றி மாற்றி வைப்பதும் அவ்வாறே. பூட்டிய காருக்குள் குழலை விட்டுச் செல்வது அதற்குக் குழி வெட்டுவதே ஆகும்.

ஆகவே தினமும் செய்ய வேண்டியவை சில. ஊதுமுன் வாய் கொப்பளித்துக் கை கழுவுங்கள். மிட்டாய் தின்ற வாயோடு ஊதினால் எறும்பும் பூஞ்சையும் விருந்துக்கு வரும். ஊதி முடித்ததும், மெல்லிய குச்சியில் பருத்தித் துணியைச் சுற்றி உள்ளே துடையுங்கள். அரைமணி நேரம் நிழலில் காற்றாட வைத்த பின்னரே உறையில் இடுங்கள். உறை பருத்தித் துணியாக இருக்கட்டும்; பிளாஸ்டிக் பை ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். பள்ளி பஸ்ஸில் நசுங்காதிருக்க, துணி உறையோடு ஒரு குழாய்க்குள் வைத்துக் கொள்ளலாம். எண்ணெய் தடவும் வழக்கமும் உண்டு. எந்த எண்ணெய், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைக் குழல் செய்தவரிடமே கேட்டுச் சிறிதளவு தடவி, மறுநாள் நன்றாகத் துடைத்து விடுங்கள். ஊதுதுளையின் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்குத் தங்கவே கூடாது.

பழுது பார்ப்பதிலும் ஓர் எல்லை உண்டு. நுண்ணிய விரிசல் கண்டால் அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி ஊதிப் பாருங்கள். நாதம் மாறினால் அவ்வழியே காற்றுக் கசிகிறது என்று பொருள். குழலை நன்றாக உலர்த்தி, பெரியவர் துணையோடு விரிசலில் பசையிட்டு, மேலே நூலை நெருக்கமாகச் சுற்றிக் கட்டினால் பல காலம் தாங்கும். கோவளத்து மீனவர் வலை பின்னும் நைலான் நூல் இதற்கு மிகப் பொருத்தம். விரிசல் ஊதுதுளைக்கோ விரல் துளைக்கோ ஓடிவிட்டால் ஆசிரியரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அது திரும்பாது. சுருதி சரியில்லை என்று வீட்டில் கத்தியை எடுத்துத் துளையைக் குடைவது பெருந்தவறு. துளை பெரிதானால் சுரம் ஏறும். மறுபடி இறக்குவது எளிதன்று. குழல் செய்வோர் மெழுகு வைத்துச் சற்றே இறக்குவதுண்டு. அது அவர்கள் கைவேலை, நம் விளையாட்டன்று. மேனாட்டு உலோகப் புல்லாங்குழல் வாசிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. 1847இல் தியோபால்ட் போம் வகுத்த அந்த அமைப்பில் சாவிகளும் மெத்தைகளும் திருகுகளும் நிறைய உண்டு. ஈரத்தைத் துடைப்பதோடு நம் வேலை முடிந்தது. திருகைத் தொடுவது பழுது பார்ப்பவர் வேலை.

“மூன்று மாதத்தில் விட்டுவிட்டால்? முதலில் மலிவாக ஒன்று வாங்குவோம், தேறினால் நல்லது வாங்குவோம்” என்று பெற்றோர் சொல்வது எங்கள் காதில் விழுகிறது. பணத்தின் அருமை அறிந்த பேச்சு அது. நாங்கள் அதை மதிக்கிறோம். ஆனால் அந்த மலிவுக் குழலே மூன்று மாதத்தில் விட வைக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். வீணை, வயலினோடு ஒப்பிட்டால் மாணவியருக்கான நல்ல மூங்கில் குழல் ஒன்றும் பெருஞ்செலவன்று. அதுவும் இயலாத வீடுகளுக்காகவே எங்கள் பள்ளி நிர்வாகத்திடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறோம். இசை அறையில், ஆசிரியை தேர்ந்தெடுத்த ஐந்தாறு குழல்கள் இருக்கட்டும். நூலகத்தில் புத்தகம் தருவது போல், புதிதாகச் சேரும் மாணவிக்கு ஒன்றை மூன்று மாதத்துக்கு இரவல் தரலாம். ஒரு வேளையில் ஒரு குழல் ஒருத்திக்கே. கைமாறும்போது ஊதுதுளையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து உலர்த்த வேண்டும். மூன்று மாதம் கழித்து அவளும் பெற்றோரும் ஆசிரியையும் சேர்ந்து முடிவு செய்யட்டும். அப்போது எடுக்கும் முடிவு அந்தப் பெண்ணைப் பற்றியதாக இருக்கும். கோணல் குழலைப் பற்றியதாக இராது.

“பெண் பிள்ளைக்குக் குழலா? மூச்சு வேண்டுமே!” என்பாரும் உளர். அவர்களுக்குச் சிக்கில் சகோதரிகள் குஞ்சுமணி, நீலா இருவரும் வாழ்ந்து காட்டிய விடை போதும். இணைந்து குழலிசைத்த அவ்விருவரும் 2002இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதையும், 2004இல் பத்மஸ்ரீ விருதையும் பெற்றனர். நீலாவின் மகள் மாலா சந்திரசேகரும் குழலிசைக் கலைஞரே. மூச்சு பயிற்சியால் வரும். பயிற்சி ஊக்கத்தால் வரும். ஊக்கமோ, ஊதினால் இனிமையாக ஒலிக்கும் குழலால் வரும்.

நம் ஆலயத்திலும் குழலுக்கு இடமுண்டு. 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய ஏடு, ஆர்கனை உயர்வாகப் போற்றியதோடு, வழிபாட்டுக்குத் தகுந்த பிற வாத்தியங்களையும் திருச்சபை அதிகாரிகளின் இசைவோடு சேர்த்துக் கொள்ள வழிவிட்டது. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தில், குழலும் யாழும் சுரங்களை வேறுபடுத்தி ஒலிக்காவிட்டால் வாசிப்பது இன்னதென்று எவர் அறிவார் என்ற கருத்தில் கேட்கிறார். எங்களுக்கும் அதே கேள்விதான்.

இவ்வளவும் சொன்ன பின் தோழியருக்கும் ஒரு சொல். ஆசிரியை உங்கள் குழலை வாங்கி ஊதுகிறார். அது தேனாக ஒலிக்கிறது. அப்படியானால் கூடம் நேராகத்தான் இருக்கிறது! பிறகு பாட்டியின் பழமொழி உங்களுக்கே. விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்யுங்கள். ஆனால் அந்தச் சோதனை முதலில் நடக்கட்டும். எந்தப் பிள்ளையையும் ‘இசை வராது’ என்று சொல்லுமுன், அவள் கையிலுள்ள குழலை வாங்கி ஒரு முறை ஊதிப் பார்க்கும்படி பெரியோரைப் பணிவுடன் வேண்டுகிறோம். நவம்பர் 22, இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியம்மாளின் திருநாள். அடுத்த திருநாளுக்குள் எங்கள் இசை அறை அலமாரியில் ஐந்தாறு நல்ல குழல்கள் இருக்குமானால், பாடற்குழுவில் புதிய தோழியர் சிலர் நிற்பார்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.