ஆழமற்ற நீரும் கலத்தின் வேகமும்

மிதத்தல் பற்றிய பாடம் பள்ளிகளில் பெரும்பாலும் ஆர்க்கிமிடீஸ் விதியோடு முடிந்துவிடுகிறது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை இடம்பெயரச் செய்கிறது என்பது அவ்விதி. அது பிழையற்றதே; எனினும் அசையாது நிற்கும் பொருளுக்கே முழுமையான விடை தருகிறது. ஆழமற்ற நீரில் விரைந்து செல்லும் கலத்திற்கு அவ்விடை போதாது. இக்குறையை நீக்குதல் ஆசிரியர்க்கும், நீர்வழிகளில் பணிபுரியும் களப் பணியாளர்க்கும் உரிய கடமையாகும்.

கலம் முன்னேறும்போது, முன்னுள்ள நீர் அதன் பக்கங்களின் வழியாகவும் அடியின் வழியாகவும் பின்னோக்கிப் பாய வேண்டும். ஆழம் மிகுந்த இடத்தில் இதற்குப் போதிய வழியுண்டு. ஆழம் குறைந்த இடத்திலோ, கலத்தின் அடிக்கும் ஆற்றின் தரைக்கும் இடையேயுள்ள குறுகிய இடைவெளியில் நீர் விரைந்தோட நேர்கிறது. நீரோட்டம் விரையுமிடத்து அழுத்தம் குறையும் என்பது 1738இல் பெர்னூலி வெளியிட்ட நூலிற் கண்ட கொள்கை. அழுத்தம் குறையவே, கலத்தைச் சூழ்ந்த நீர்மட்டம் தாழ்கிறது. கலமும் உடன் தாழ்கிறது. சுமையில் ஒரு மூட்டையும் கூடாதிருக்கவும் கலத்தின் அடி தரையை நெருங்கிவிடுகிறது.

இத்தாழ்வைக் கணக்கிடும் முறை கடினமானதன்று. ஆழமற்ற நீரில் நீண்ட அலையின் வேகம் ஆழத்தையே பொறுத்தது. புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தாற் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் அவ்வேகம் கிடைக்கும். ஆழம் 2.5 மீட்டராயின், அது மணிக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர். நீரைப் பொறுத்துக் கலம் செல்லும் வேகத்தை அலையின் வேகத்தால் வகுத்துக் காணும் எண்ணே இங்கு முதன்மையானது. அதனை ஃப்ரூட் எண் என்பர். ஆஸ்திரேலியக் கணித அறிஞர் டக் 1966இல் வெளியிட்ட கோட்பாடு, அகன்ற ஆழமற்ற நீரில் கலத்தின் தாழ்வு இவ்வெண்ணோடு எவ்வாறு மிகுகிறது என்பதைக் காட்டிற்று. அதன்படி, 2.5 மீட்டர் ஆழத்தில் கலத்தின் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டரிலிருந்து 12 கிலோமீட்டராக உயருமாயின், தாழ்வு இரு மடங்கு அன்று, ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. கரைகள் நெருங்கிய குறுகிய வழியிலோ இடர் இன்னும் மிகுதி.

இதனைப் புறக்கணிப்பதன் விளைவை உலகம் அறியும். 1992 ஆகஸ்டு 7ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையருகே ‘குவீன் எலிசபெத் 2’ என்னும் பயணிக் கப்பல் நீரடிப் பாறையில் மோதி அடிப்பகுதி சேதமுற்றது. வேகத்தால் கப்பல் எவ்வளவு தாழும் என்பதை அதனைச் செலுத்தியோர் குறைத்தே மதித்திருந்தனர். வரைபடத்திற் கண்ட ஆழமோ 1939ஆம் ஆண்டின் அளவையைச் சார்ந்தது; பாறை அதனினும் மேலே இருந்தது. கணக்கில் ஒரு குறை, அளவையில் ஒரு குறை. இரண்டும் சேர்ந்தே கேடு விளைத்தன.

நம் நாட்டிற்கும் இப்படிப்பினை பொருந்தும். ஹால்தியாவிலிருந்து அலகாபாத் வரை 1,620 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கை வழி 1986இல் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. 2018 நவம்பரில் சரக்குப் பெட்டகங்களை ஏற்றிய கலம் கல்கத்தாவிலிருந்து காசியை அடைந்தது. கங்கையின் மணல்திட்டுகளோ ஒவ்வொரு வெள்ளத்திலும் இடம்பெயர்வன. சென்ற ஆண்டு கண்ட ஆழத்தை இவ்வாண்டும் நம்புதல் தகாது.

கணக்கிடுதல் ஆராய்ச்சி நிலையங்களின் வேலை, களப் பணியாளர் ஆணைப்படி நடந்தாற் போதும் என்று சிலர் கருதுவர். இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. பூனாவை அடுத்த கடக்வாஸ்லாவில் உள்ள, 1916ஆம் ஆண்டு தோன்றிய மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் போன்றவை நுட்பமான மாதிரிகளை அமைக்கலாம். ஆயினும் ஆற்றின் நடுவே நின்று ஆழம் அளப்பவரின் எண் தவறாயின், அம்மாதிரிகளின் விடையும் தவறாகும். அனுபவமுள்ள படகோட்டிக்கு ஆறு தெரியும் என்பாரும் உளர். உண்மையே, ஆனால் அகன்ற, கனத்த புதிய கலங்கள் நீரை அசைக்கும் விதம் அவர் பழகிய சிறு படகின் விதமன்று. அவருடைய அறிவோடு கணக்கும் சேர்தல் வேண்டும்.

ஆதலின் ஆழப் பட்டியல்களில் அளந்த நாளும், அவ்வாழத்திற்குரிய வேக வரம்பும் தவறாது இடம்பெறல் வேண்டும். எதிரோட்டத்தில் கரையைப் பார்த்து வேகத்தை மதிப்பிடுதல் ஏமாற்றும். கரை மெல்ல நகர்வதாகத் தோன்றினும் நீரைப் பொறுத்த வேகம் மிகுதியாக இருக்கக்கூடும் என்பதைப் பணியாளர் மறத்தலாகாது.

பள்ளியிலோ ஒரு நீண்ட தட்டும் சிறிது நீரும் போதும். 1 சென்டிமீட்டர் ஆழத்திற்கு நீரூற்றி, தட்டின் ஒரு முனையைச் சற்றே உயர்த்தி இறக்கினால் அலை ஒன்று தோன்றி இரு முனைகளுக்கும் இடையே சென்று மீளும். அதற்காகும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, பின்னர் 4 சென்டிமீட்டர் ஆழத்தில் அதனையே செய்து பார்த்தால், வேகம் ஏறத்தாழ இரு மடங்காவதை மாணவர் தாமே காண்பர். அலையின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைத் தொடர்வதை இவ்வாறு கண்ணாற் கண்ட மாணவன், பிற்காலத்தில் பரிசற்றுறையிலோ துறைமுகத்திலோ பணியேற்கும்போது வேக வரம்பை வெறும் கட்டளையாகக் கருதமாட்டான். அதன் காரணத்தை அறிந்து, பயணிகளின் உயிருக்குக் காவலாக அதனைப் பேணுவான்.